இடுபணிக் கணக்கு எங்கே சிக்குகிறது? பொருளாதாரம் முதல் பைத்தான் வரை, சிலிம் ரிவரிலிருந்து சில உதாரணங்கள்

பொருளாதார இடுபணி, இரண்டாவது கேள்வி. மூன்று தடவை படிச்சாச்சு, பேனா நகரவில்லை. "நமக்குக் கணக்கு வராது" என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கேள்வித்தாளை மூடிவிட்டு, அதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் உங்கள் சிக்கல் கணக்கில் இருக்கிறது. சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் கணக்குக்கே வரவில்லை, கேள்வியிலேயே நிற்கிறீர்கள்.

பெரும்பாலான இடுபணிகள் இந்த இரண்டாவது வகையில்தான் சிக்குகின்றன. நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சுற்று உண்டு. சிலிம் ரிவரில் வளர்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் கூட்டல் கழித்தலைத் தமிழில் படிக்கிறார். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பாடம் மலாயில். அப்புறம் ஆறாம் படிவம் போனால் எஸ்.டி.பி.எம் பொருளாதாரமும் மலாய். தெற்கே பேராங்கில் இருக்கும் சுல்தான் அஸ்லான் ஷா பாலிடெக்னிக்கிலோ, வேறு தனியார் கல்லூரியிலோ டிப்ளோமா எடுத்தால் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். கொஞ்சம் தள்ளி தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி போன்ற பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஒரு மொழியிலும், வாசிக்க வேண்டிய கட்டுரை இன்னொரு மொழியிலும் இருப்பது சகஜம். கருத்து ஒன்றுதான், பெயர் மூன்று.

'மின்' என்றால் என்ன?

இதற்கு மிக நல்ல உதாரணம் புள்ளியியலில் வருகிறது. மலாயில் 'மின்' என்றால் சராசரி. பள்ளியில் மின், மெடியான், மோட் என்று வரிசையாகப் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதே ஒலியில் வரும் சொல் 'மினிமம்' என்பதன் சுருக்கம், அதாவது மிகக் குறைந்த மதிப்பு. எக்செலில் 'மின்' கட்டளை போட்டால் சராசரி வராது, பட்டியலில் இருக்கும் ஆகச் சிறிய எண்தான் வரும். சராசரிக்கு 'ஆவரேஜ்' என்று கொடுக்க வேண்டும். (தமிழில் 'மின்' என்றால் கரண்ட் என்பது தனிக் கதை.) கேள்வி மலாயில், எக்செல் ஆங்கிலத்தில். இந்த இடத்தில் மதிப்பெண் இழந்தால் அது கணக்குத் திறமையைப் பற்றி எதுவும் சொல்லாது.

சொற்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற புள்ளிக்கு மலாயில் 'தித்திக் பூலாங் மோடால்', அதாவது முதல் வீடு திரும்பும் புள்ளி. நம் ஊரில் "முதலுக்கு மோசமில்லை" என்று சொல்வோமே, அதேதான். 'சிசிஹான் பியாவாய்' என்பது திட்ட விலக்கம், ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதன் அளவு. 'கெயான்ஜாலான்' நெகிழ்ச்சி. 'பெனாவாரான்' அளிப்பு. தமிழ்நாட்டுப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல், புள்ளியியல் பாடநூல்கள் தமிழில் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. தேர்வுக்கு அவற்றைப் படிக்க வேண்டாம். ஒரு கருத்து மலாயிலும் ஆங்கிலத்திலும் மண்டையில் ஏறாதபோது அந்த ஒரு பக்கத்தை மட்டும் தமிழில் படித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

குறைந்தபட்சச் சம்பளம்: ஒரு கேள்வி, மூன்று அடுக்கு

இப்போது ஒரு முழுக் கேள்விக்கு வருவோம். "குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. தொழிலாளர் சந்தையில் இதன் விளைவை வரைபடத்துடன் விளக்குக." எண்கள் கற்பனையல்ல. 1,500 ரிங்கிட் 2022 மே 1-இல் நடப்புக்கு வந்தது. 1,700 ரிங்கிட் 2025 பிப்ரவரி 1-இல் வந்தது, ஐந்துக்கும் குறைவான தொழிலாளர்கள் உள்ள இடங்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 1 வரை அவகாசம் தரப்பட்டது.

நிறையப் பேர் உடனே தேவைக் கோட்டை இடது பக்கம் நகர்த்தி வரைவார்கள். அது தப்பு. வரைபடத்தின் நிற்கும் அச்சில் இருப்பதே சம்பளம்தான். அச்சில் இருக்கும் ஒன்று மாறினால் கோடு நகராது. நாம்தான் கோட்டின் மீது மேலேயோ கீழேயோ போகிறோம். ரப்பர் விலை ஏறியது, பால் வெட்டும் இயந்திரம் வந்தது மாதிரி அச்சில் இல்லாத ஒன்று மாறினால்தான் கோடு நகரும். இதைப் பிடித்துக்கொண்டால் தேவை, அளிப்புக் கேள்விகளில் பாதி வரைபடங்கள் சரியாக வந்துவிடும்.

அடுத்து, இந்தச் சட்டம் யாரைத் தொடுகிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே 2,200 ரிங்கிட் கொடுக்கிற தொழிற்சாலையில் 1,700 என்ற எல்லை எதையும் மாற்றாது. குறைந்தபட்ச விலை சந்தை விலைக்குக் கீழே இருந்தால் அது காகிதத்தில் மட்டுமே இருக்கும். ஒரு வரியில் இதை எழுதினாலே நீங்கள் யோசித்திருப்பது திருத்துபவருக்குத் தெரியும்.

இரண்டாவது அடுக்கு நெகிழ்ச்சி. 1,500-இலிருந்து 1,700 என்பது 13.3 விழுக்காட்டு உயர்வு. தொழிலாளர் தேவையின் நெகிழ்ச்சி 0.3 என்று கேள்வியில் கொடுத்திருந்தால் வேலை 4 விழுக்காடு குறையும். நூறு பேர் இருந்த இடத்தில் 96 பேர். மொத்தச் சம்பளச் செலவு முன்பு 150,000 ரிங்கிட், இப்போது 163,200 ரிங்கிட். தொழிலாளர்கள் கைக்குப் போகும் மொத்தப் பணம் கூடியிருக்கிறது. நெகிழ்ச்சி 1.5 என்றால் வேலை 20 விழுக்காடு குறையும். 80 பேர், மொத்தம் 136,000 ரிங்கிட், இப்போது குறைந்துவிட்டது. சட்டம் அதேதான், ஒரே ஓர் எண் மாறியதில் பதில் தலைகீழாகிவிட்டது. "நல்லதா கெட்டதா" என்று கருத்து எழுதுவதற்கு முன் இந்த எண்ணைத் தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சில பாடத்திட்டங்கள் நடுப்புள்ளி முறையைக் கேட்கும். அதில் 200-ஐ 1,500-ஆல் வகுக்காமல் 1,600-ஆல் வகுப்பீர்கள், 12.5 விழுக்காடு வரும். இரண்டும் சரியான முறைதான். உங்கள் விரிவுரையாளர் எதைச் சொல்லிக் கொடுத்தார் என்று குறிப்பைப் பாருங்கள்.

மூன்றாவது அடுக்குதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் அதற்கு உதாரணம் தேடி வேறு எங்கும் போக வேண்டாம். அந்தக் காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வேலை கொடுப்பது ஒரே நிர்வாகம். லயத்து வீடும் அவர்களுடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். பாடநூல் இதை 'மோனோப்சனி' என்று சொல்லும், அதாவது உழைப்பை வாங்குபவர் ஒருவர் மட்டுமே இருக்கும் சந்தை.

ஒரு தோட்டத்தில் நாளுக்கு 40 ரிங்கிட் சம்பளத்தில் 10 பேர் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். 11-ஆவது ஆள் 42 ரிங்கிட் கொடுத்தால்தான் வருவார். அவருக்கு 42 கொடுத்தால் மற்ற பத்துப் பேருக்கும் 42 கொடுக்க வேண்டும். முன்பு ஒரு நாள் செலவு 400 ரிங்கிட், இப்போது 462 ரிங்கிட். ஒரு புதிய ஆளுக்கான உண்மையான கூடுதல் செலவு 62 ரிங்கிட். அவர் வெட்டும் பாலின் மதிப்பு 55 ரிங்கிட் என்றால் நிர்வாகம் அவரை எடுக்காது. இப்போது சட்டம் "எல்லாருக்கும் குறைந்தது 42" என்று சொன்னால்? பத்துப் பேருக்கும் எப்படியும் 42 கொடுத்தாக வேண்டும். 11-ஆவது ஆளுக்கு ஆகும் கூடுதல் செலவு வெறும் 42. வரும் மதிப்பு 55. எடுத்துவிடுவார்கள். சம்பளமும் ஏறியது, வேலையும் கூடியது.

சாதாரண தேவை, அளிப்பு வரைபடம் மட்டும் தெரிந்தவருக்கு இந்த முடிவு வராது. 'கோர் எக்கான்' என்ற இலவச இணையப் பாடநூல் இந்த வகைச் சந்தையை நன்றாக விளக்குகிறது.

காலம் என்ற இன்னொரு விஷயமும் உண்டு. "குறுகிய காலம், நீண்ட காலம் ஒப்பிடுக" என்று கேட்டால் ஸ்டீவன்சன் திட்டத்தை உதாரணமாக எழுதலாம். ரப்பர் விலை சரிந்ததால் 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் பிரிட்டிஷ் ஆட்சி ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. டச்சுக்காரர் கையில் இருந்த இந்தோனேசியத் தீவுகள் அதில் சேரவில்லை. 1925-இல் விலை எகிறியது. ரப்பர் மரம் நட்டு ஆறேழு ஆண்டுகள் கழித்துத்தான் பால் தரும் என்பதால் யாராலும் உடனே உற்பத்தியைப் பெரிதாகக் கூட்ட முடியவில்லை. ஆனால் அங்கே சிறுதோட்டக்காரர்கள் நடத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்குப் போனது, ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் நிலம் வாங்கினார். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 1925-இன் விலையை நம்பி நட்ட மரங்கள் பால் தரத் தொடங்கியபோது உலகப் பெருமந்தம் வந்திருந்தது. குறுகிய காலத்தில் நெகிழ்ச்சி குறைவு, நீண்ட காலத்தில் அதிகம் என்று பாடநூல் ஒரு வரியில் சொல்வதை பேராக் தோட்டங்கள் நேரடியாகவே அனுபவித்தன.

நாசி லெமாக் கடை: அம்மாவின் சம்பளம் எங்கே?

வணிகப் பாடத்தில் அடிக்கடி வருவது முதல் திரும்பும் புள்ளி. சூத்திரம் எளிது: நிலையான செலவை, ஒரு பொட்டலத்தின் விலைக்கும் அதற்கு ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்.

காலைக் கடை ஒன்று. வாடகை, உரிமம், தள்ளுவண்டித் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 900 ரிங்கிட். ஒரு பொட்டலம் 2.50 ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள். அரிசி, தேங்காய், நெத்திலி, தாள் என்று அதற்கு 1.60 ஆகிறது. ஒரு பொட்டலத்துக்கு 90 சென் மிச்சம். 900-ஐ 0.90-ஆல் வகுத்தால் மாதம் 1,000 பொட்டலம். 25 நாள் கடை என்றால் நாளுக்கு 40. "அட, 40 பொட்டலம் போதுமா, லாபம்தானே" என்று தோன்றும்.

காலை நாலு மணிக்கு எழுந்து சமைக்கும் அம்மாவின் சம்பளம் அந்த 900-இல் இல்லை. அவர் வேறு வேலைக்குப் போனால் சட்டப்படி குறைந்தது 1,700 கிடைக்கும். அதையும் நிலையான செலவில் சேருங்கள். 2,600-ஐ 0.90-ஆல் வகுத்தால் 2,888.9. பாதிப் பொட்டலம் விற்க முடியாது, அதனால் எப்போதும் மேலே முழுமையாக்கி 2,889. நாளுக்கு 116 பொட்டலம். கணக்கியல் லாபம், பொருளாதார லாபம் என்று பாடநூல் பிரித்துச் சொல்வதன் அர்த்தம் இந்த 40-க்கும் 116-க்கும் நடுவில் இருக்கிறது. கேள்வி எந்த லாபத்தைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கணக்கியல் பாடத்தில் அம்மாவின் சம்பளத்தைச் சேர்த்தால் தப்பு, பொருளாதாரப் பாடத்தில் சேர்க்காவிட்டால் தப்பு.

விலையை 2.80 ஆக்கினால் மிச்சம் 1.20, சம்பளம் சேர்க்காத புள்ளி 750-க்கு இறங்கும். கேள்வி இங்கேயே நிற்காது, "வாடிக்கையாளர் குறைந்தால்?" என்று தொடரும். அது திரும்பவும் நெகிழ்ச்சிதான்.

எந்தச் சராசரி?

புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்கெடுப்பில் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட். அதே கணக்கெடுப்பில் இடைநிலை வருமானம், அதாவது எல்லாக் குடும்பங்களையும் வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், 6,338 ரிங்கிட். இரண்டுக்கும் 2,100 ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம். எது பொய்? இரண்டும் இல்லை.

ஒரே தெருவில் ஐந்து வீடு: 2,800, 3,200, 3,500, 4,000, 21,500. கூட்டினால் 35,000, சராசரி 7,000. அந்தத் தெருவில் 7,000 வாங்கும் வீடு ஒன்றுகூட இல்லை. நடு வீடு 3,500. கடைசி வீட்டுக்காரருக்குச் சம்பளம் இரட்டிப்பானால் சராசரி ஏறும், நடு வீட்டு எண் அசையாது. "எந்த அளவை ஏன் பயன்படுத்தினீர்கள்?" என்ற கேள்விக்கு எழுத வேண்டியது இதுதான்: வருமானம், வீட்டு விலை மாதிரி ஒரு பக்கம் இழுபடும் தரவுக்கு இடைநிலை.

திட்ட விலக்கத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு. 4, 6, 8 என்ற மூன்று எண்களை எடுங்கள். சராசரி 6. விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 8. மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.63, இரண்டால் வகுத்தால் 2. மொத்தக் கூட்டத்தையும் அளந்திருந்தால் முதலாவது, மாதிரி மட்டும் எடுத்திருந்தால் இரண்டாவது. எக்செலில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை இருக்கிறது. எது எது என்று குழப்பமாக இருந்தால் இந்த மூன்று எண்களைப் போட்டுப் பாருங்கள், வருவது 2-ஆ 1.63-ஆ என்று தெரிந்துவிடும்.

சின்ன மாதிரியை நம்பலாமா என்ற கவலை புதிதல்ல. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் நீங்கள் படிக்கும் டி-சோதனை வந்தது. அந்தச் சோதனையில் கிடைக்கும் பி-மதிப்பு 0.03 என்றால் "கருதுகோள் உண்மையாக இருக்க 3 விழுக்காடு வாய்ப்பு" என்று எழுதாதீர்கள். வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படியோ இதைவிடத் தீவிரமாகவோ ஒரு முடிவு தற்செயலாக வர 3 விழுக்காடு வாய்ப்பு என்பதே அதன் பொருள். வாக்கியம் நீளம்தான், ஆனால் மதிப்பெண் அதற்குத்தான்.

நிரலாக்கம்: கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்

பைத்தானில் சிவப்பு எழுத்தில் பத்து வரி பிழைச் செய்தி வந்தால் பதறாமல் கடைசி வரியைப் படியுங்கள். என்ன வகைப் பிழை என்பது அங்கேதான் இருக்கும். அதற்குச் சற்று மேலே வரி எண் இருக்கும்.

பிழைச் செய்தியே வராமல் பதில் மட்டும் தப்பாக வருவதுதான் மோசம். ஒன்று முதல் பத்து வரை கூட்டச் சொன்னால் 55 வர வேண்டும், உங்களுக்கு 45 வருகிறது என்றால் 'ரேஞ்ச்' கட்டளையில் 1, 10 என்று கொடுத்திருப்பீர்கள். அது பத்துக்கு முன்பே நின்றுவிடும், 11 என்று கொடுக்க வேண்டும். பயனரிடம் 5, 5 என்று இரண்டு எண் வாங்கிக் கூட்டினால் 55 வருகிறதா? உள்ளிடுவதை பைத்தான் எழுத்தாகத்தான் வாங்கும், எண்ணாக மாற்ற வேண்டியது நம் வேலை. இரண்டுமே விடை முன்பே தெரிந்த சின்ன உதாரணத்தில் சட்டென்று மாட்டிவிடும். ஆயிரம் வரித் தரவில் ஓடவிட்டால் மாட்டாது.

நிரலை வரிவரியாகச் சத்தமாக விளக்கிச் சொல்லும் பழக்கத்துக்கு 'ரப்பர் வாத்து' முறை என்று பெயர். ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட நூலால் பிரபலமானது: மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் விளக்க வேண்டும். ரப்பர் ஊரில் வாத்துக்கா பஞ்சம்? தம்பி தங்கை இருந்தாலும் போதும்.

எவ்வளவு நேரம், யாரிடம் உதவி?

மலேசியத் தகுதி முகமையின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, டுடோரியல், இடுபணி, தேர்வுக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. 14 வாரத்தில் வாரம் எட்டரை மணி நேரம். இப்படி ஐந்து பாடம் எடுத்தால் வாரம் 43 மணி நேரம், ஒரு முழுநேர வேலைக்குச் சமம். வார இறுதியில் கடையில் பகுதிநேர வேலையும் பார்க்கிறவருக்கு இடுபணி ஏன் கடைசி இரவுக்குத் தள்ளிப்போகிறது என்பது இந்த எண்ணிலேயே தெரியும். பாடத்தைத் திரும்ப எடுத்து ஒரு செமஸ்டர் நீண்டால், அந்தக் கட்டணத்தையும் வாடகையையும் யார் கட்டுவது என்ற பேச்சு வீட்டில் வரும்.

அந்த நேரம் பார்த்துத்தான் "இடுபணி செய்து தருவோம்" என்ற விளம்பரம் டெலிகிராமில் கண்ணில் படும். வாங்கிய பதிலோடு வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்து, "இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று விரிவுரையாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துவிட்டு அந்தச் சாட்டை மூடுங்கள். சாட்ஜிபிடி மாதிரிக் கருவிகளுக்கு ஒவ்வொரு கல்விக்கூடத்திலும், சில நேரம் ஒவ்வொரு பாடத்திலும் விதி வேறு. பாடத்திட்டத் தாளில் தேடுங்கள், இல்லாவிட்டால் நேரே கேளுங்கள். அனுமதி இருந்தால், உங்கள் கேள்வியைப் போட்டு விடை வாங்குவதைவிட, "இதே மாதிரி சின்ன எண்களில் ஒரு கேள்வி கொடு" என்று கேட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். அது சொல்லும் விடையையும் கையால் சரிபாருங்கள்.

சீனியர் அண்ணன், அக்காவிடம் கேட்பதில் தப்பே இல்லை. "உங்க பழைய அசைன்மெண்ட அனுப்புங்க அக்கா" என்று கேட்டால்தான் சிக்கல். அனுப்பியவரும் சேர்ந்து மாட்டுவார், டர்னிட்டின் போன்ற ஒப்பீட்டு மென்பொருள் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிடும். "இரண்டாவது படியில் ஏன் 1,600-ஆல் வகுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

விரிவுரையாளருக்கு எழுதும்போதும் அப்படியே. "புரியவில்லை சார்" என்று மட்டும் அனுப்பினால் அவர் எங்கிருந்து தொடங்குவது? எந்த வாரப் பாடம், எந்தக் கேள்வி, எதுவரை வந்தீர்கள், எந்தப் படியில் எந்த எண் வந்தது, என்ன எண் வரும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று ஐந்து வரி எழுதி, உங்கள் கையெழுத்துக் கணக்கின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஐந்தாவது வரி எழுதும்போதே தப்பு கண்ணில் பட்டு, செய்தியை அனுப்பாமலே அழித்துவிடுவதும் உண்டு. அனுப்புவதாக இருந்தால் 11:59-க்கு முடியும் இடுபணிக்கு 11:40-க்கு அனுப்பாதீர்கள். சந்திக்கும் நேரம் பெரும்பாலும் அவர் அறைக் கதவிலேயே ஒட்டியிருக்கும்.